பெட்டிக்குள் இருப்பது அசல்தானா?
உயர்விலைக் காலணி வாங்குவோரும் விற்போரும் அறிய வேண்டியவை

கடந்த மழைக்காலத்தில், மும்பையில் நாங்கள் பணியாற்றும் கிளைக்கு ஒரு தாயும் மகனும் வந்தனர். தாயார் நெடுநாள் வாடிக்கையாளர்; வீட்டிலேயே மாவு அரைத்து விற்றுக் குடும்பம் நடத்துபவர். மாதம் ரூ.2,000 வீதம் ஓராண்டு கட்டிய தொடர் வைப்பு முதிர்ந்து, அத்தொகையை அவர் பெற்றுச் சென்று ஆறு வாரங்கள்கூட ஆகியிருக்கவில்லை. மகனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். அவர் கையில் இரண்டு காலணிப் பெட்டிகள் இருந்தன.

நடந்தது இதுதான். சமூக ஊடகத்தில் கடை நடத்திய ஒருவரிடம் ஜோடி ரூ.11,500 வீதம் இரண்டு ஜோடி ஏர் ஜோர்டன் காலணிகளை அந்த இளைஞர் வாங்கியிருக்கிறார். பணம் அம்மாவின் தொடர் வைப்பிலிருந்து வந்தது. ஒரு ஜோடியைத் தமக்கென வைத்துக்கொண்டு, மற்றதை உடன் பணிபுரியும் நண்பருக்கு ரூ.15,000க்கு விற்றார். நண்பர் அதைப் பழைய காலணிகளை வாங்கி விற்கும் ஒரு கடைக்குக் கொண்டுபோனபோது, போலி என்று கூறித் திருப்பியனுப்பிவிட்டனர். பணத்தைத் திருப்பிக் கேட்ட நண்பர், காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போவதாகவும் சொல்லிவிட்டார்.

“சார், பணம் போனாப் போகட்டும். பையனைப் பிடிச்சிட்டுப் போயிருவாங்களா?” என்று தாயார் கேட்டார். மகனோ, “அசல் மாதிரியேதான் சார் இருக்கு, எனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

இரண்டுமே நியாயமான கேள்விகள். மகனின் கேள்வியிலிருந்து தொடங்குவோம்.

ஒரு காலணிக்கு இத்தனை மதிப்பு ஏன்?

கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனுடன் நைக்கி நிறுவனம் 1984இல் ஒப்பந்தம் செய்தது. அவர் பெயரில் முதல் காலணி 1985இல் 65 டாலர் விலையில் சந்தைக்கு வந்தது. அன்று முதல் இன்றுவரை அதே வடிவம் புதுப்புது நிறங்களில் திரும்பத் திரும்ப வெளியிடப்படுகிறது. சில நிறங்களை நிறுவனம் குறைந்த எண்ணிக்கையிலேயே தயாரிக்கிறது; கேட்போர் பலர், கிடைப்பது சிலருக்கு. செயலியில் பெயர் பதிந்து குலுக்கலில் தேர்வானவருக்கு மட்டுமே வாங்கும் வாய்ப்பு. அப்படிப் பெற்றவர் அன்று மாலையே கூடுதல் விலைக்கு அதை விற்க முடிகிறது. இவ்வாறு காலணி ஒருவகை முதலீட்டுப் பொருளாகிவிட்டது. பங்குச் சந்தையில் உள்ளது போன்ற கண்காணிப்பு அமைப்போ, தங்கத்திற்கு உள்ளது போன்ற ஹால்மார்க் முத்திரையோ இந்த மறுவிற்பனைச் சந்தைக்குக் கிடையாது என்பதை மட்டும் வாங்குவோர் மறந்துவிடுகின்றனர்.

போலிகளின் வரலாறும் சிறிது தெரிந்திருப்பது நல்லது. சீனத்தின் ஃபுஜியான் மாநிலத்திலுள்ள புத்தியான் என்னும் நகரில், 1980களிலிருந்து வெளிநாட்டு நிறுவனங்களுக்காக ஒப்பந்த முறையில் விளையாட்டுக் காலணிகள் தைக்கப்பட்டன. அத்தொழிலைக் கற்ற ஊரே பின்னர் போலிக் காலணிகளுக்கும் பெயர் பெற்றது. ஆகவே போலி என்றவுடன் கோணல் தையலையும் எழுத்துப் பிழையுள்ள பெயரையும் எதிர்பார்ப்பது இன்று பொருந்தாது. நம் நாட்டுச் சந்தைகளில் ‘ஃபர்ஸ்ட் காப்பி’, ‘மாஸ்டர் காப்பி’, ‘7ஏ’ என்றெல்லாம் தரம் பிரித்துக் கூவி விற்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் இத்தரப் பிரிவுக்கு எந்தப் பொருளும் இல்லை, எல்லாம் போலியே. ‘அதே தொழிற்சாலையில் மிஞ்சிய சரக்கு’ என்னும் விளக்கத்தையும் நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். அதை மெய்ப்பிக்கும் ஒரு தாளையேனும் எவரும் காட்டிப் பார்த்ததில்லை.

கண்ணும் கையும் காட்டுபவை

காலணியைக் கையில் எடுத்தவுடன் அதன் நாக்குப் பகுதியின் உட்புறத்திலோ விளிம்பிலோ தைத்திருக்கும் சிறு அளவுச் சீட்டைப் பாருங்கள். நைக்கி காலணியில் அமெரிக்க, பிரிட்டிஷ், ஐரோப்பிய அளவுகளும் சென்டிமீட்டர் அளவும் அதில் இருக்கும். அவற்றுடன் ஒரு மாதிரி எண்ணும் இருக்கும். ஆறு இடங்கள், ஒரு சிறு கோடு, பின்னர் மூன்று இலக்கங்கள் என்பது அதன் அமைப்பு. எடுத்துக்காட்டாக 555088-101 என்பது 2015இல் வெளியான, சிக்காகோ என்று அழைக்கப்படும் ஜோர்டன் காலணியின் எண். கடைசி மூன்று இலக்கங்கள் நிறத்தைக் குறிப்பவை. அவற்றுள் முதல் இலக்கம் முதன்மை நிறம். 0 கறுப்பு, 1 வெள்ளை, 4 நீலம், 6 சிவப்பு என்ற வரிசையில் அது செல்லும். பெட்டியின் பக்கவாட்டு ஒட்டுச்சீட்டிலும் இதே எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை இணையத்தில் தேடினால், கையிலிருக்கும் அதே காலணி, அதே நிறத்தில் வர வேண்டும். நீலக் காலணிக்குள் சிவப்புக் காலணியின் எண் தைத்திருப்பதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. போலி தயாரிப்போர் ஒரே சீட்டை ஆயிரக்கணக்கில் அச்சிட்டு எல்லா நிறத்திலும் தைத்துவிடுவதுண்டு.

அடிடாஸ் காலணியில் இன்னொரு குறிப்பு கிடைக்கிறது. இடது, வலது காலணிகளின் உட்சீட்டுகளில் உள்ள தனி எண்கள் ஒன்றுக்கொன்று வேறாக இருக்கும். இரண்டிலும் ஒரே எண் இருந்தால் சந்தேகம் கொள்க.

அடுத்து வடிவம். ஜோர்டன் 1 வகையைப் பின்புறமிருந்து பார்த்தால் குதிகால் பகுதி நடுவில் சற்று ஒடுங்கி, மேலும் கீழும் விரிந்து, உடுக்கை போலத் தோன்றும். போலிகளில் பெரும்பாலும் அது நேராக நிற்கும். கணுக்கால் பகுதியில் தோலில் பதித்த இறக்கைச் சின்னம் அசலில் ஆழமாகவும் கூர்மையாகவும் இருக்கும். போலியில் மேலோட்டமாக அச்சிட்டது போலிருக்கும். முன்பகுதியின் சிறு துளைகள் முழுதாகத் துளைக்கப்பட்டுள்ளனவா, இரு காலணிகளிலும் ஒரே வரிசையில் உள்ளனவா என்றும் பார்க்கலாம். உள்ளே பாதம் படும் அட்டையைத் தூக்கி, அடியில் ஓடும் தையல் சீராக இருக்கிறதா, பசை திட்டுத்திட்டாகக் கிடக்கிறதா என்று பாருங்கள். பெட்டியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் பசை நெடியும் ஒரு குறிப்பே.

எங்கள் காசாளர் மேசையிலிருக்கும் புற ஊதா விளக்கை அந்த இளைஞர் கவனித்துவிட்டு, அதன் கீழ் காலணியைக் காட்டச் சொன்னார். ரூபாய் நோட்டுக்கு அந்த விளக்கு உதவுகிறது; நோட்டின் எண்களும் பாதுகாப்பு இழையும் அதன் ஒளியில் மின்னும்படி அச்சகத்திலேயே ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. காலணியில் அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. சிந்திய பசையும் தையலுக்கு முன் இட்ட குறிகளும் ஒளிர்வதைக் காணலாம், அவ்வளவே. அசலிலும் பசை உண்டு. எனவே விளக்கை மட்டும் நம்பி முடிவு கூற இயலாது என்று சொல்லி, நோட்டுக் கட்டுகளை அதன் கீழ் மீண்டும் வைத்தோம்.

உண்மையில் மேலே கூறிய எல்லாக் குறிகளுக்கும் ஓர் எல்லை உண்டு. மறுவிற்பனைக் காலணிகளைச் சரிபார்த்து விற்பதையே தொழிலாகக் கொண்ட ஸ்டாக்எக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்திடமிருந்து தான் வாங்கிய நான்கு ஜோடிகள் போலி என்று 2022இல் நைக்கி நிறுவனம் நீதிமன்றத்தில் முறையிட்டது. தினமும் ஆயிரம் காலணி பார்ப்போரின் சரிபார்ப்பே கேள்விக்குள்ளாகும்போது, ஆண்டுக்கு ஒன்று வாங்கும் நாம் தையலைப் பார்த்து மட்டும் தீர்மானிப்பது சரியன்று.

தாள்கள் சொல்பவை

வணிகவியல் படித்து, இருபதாண்டுகளாகத் தாள்களோடு வாழும் எங்களுக்கு, காலணியைவிட அதனுடன் வரும் தாள்களே அதிகம் பேசுவதாகத் தோன்றுகிறது. காலணியைப் படி எடுப்பவர் பல மாதம் உழைக்கிறார். பில்லைப் படி எடுப்பவர் அரைமணி நேரம்கூடச் செலவிடுவதில்லை.

இந்தியாவில் சில்லறையாக விற்கப்படும் பெட்டியில், 2011ஆம் ஆண்டின் சட்டமுறை அளவையியல் பொட்டலப் பொருள் விதிகளின்படி, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த அல்லது இறக்குமதி செய்த நிறுவனத்தின் பெயரும் முகவரியும், மாதமும் ஆண்டும், நுகர்வோர் தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளாயின் எந்நாட்டில் தயாரிக்கப்பட்டது என்பதும் வேண்டும். ‘இங்குள்ள ஷோரூமில் வாங்கியது’ என்று கூறப்படும் காலணியின் பெட்டியில் இவ்வொட்டுச்சீட்டு இல்லையென்றால், அந்தக் கூற்றை நம்ப வேண்டியதில்லை. தயாரிப்பு நாட்டின் பெயரைக் கண்டு மட்டும் ஏமாற வேண்டாம். நைக்கி காலணிகள் பெரும்பாலும் வியட்நாம், இந்தோனேசியா, சீனம் ஆகிய நாடுகளிலிருந்து வருகின்றன, இந்தியாவிலும் தயாராகின்றன. தைவானைச் சேர்ந்த ஒரு குழுமம் நம் செய்யாற்றிலேயே நைக்கிக்காகக் காலணி தைக்கிறது. ஆகவே ‘மேட் இன் இந்தியா’ என்றிருப்பதாலேயே போலி என்று ஒதுக்குவது தவறு.

விளையாட்டுக் காலணிகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2024 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி தயாரானவற்றில் ஐஎஸ்ஐ முத்திரையும், சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். முத்திரையை யாரும் அச்சிடலாம். எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் இட்டு, உரிமம் பெற்ற தொழிற்சாலையின் பெயர் வருகிறதா என்று பார்ப்பதே பயன் தரும். முன்னர் தயாரான சரக்கிலும், வெளிநாட்டில் தனியாக வாங்கி வந்தவற்றிலும் இம்முத்திரை இல்லாதிருக்கலாம்.

இனி பில். எங்கள் வாடிக்கையாளரின் மகன் நீட்டிய பில்லில் வண்ணச் சின்னம் பளபளவென்று இருந்தது. விற்பனையாளரின் முகவரி டில்லி. ஆனால் ஜிஎஸ்டி பதிவெண் 27 என்று தொடங்கியது. 27 மகாராஷ்டிரத்தின் குறியீடு, டில்லிக்கு 07. பதிவெண் 15 இடங்கள் கொண்டதாக இருக்க வேண்டும்: முதல் இரண்டு மாநிலம், அடுத்த பத்து பான் எண், பிறகு பதிவின் வரிசை எண், பொதுவாக இசட் எழுத்து, கடைசியில் ஒரு சரிபார்ப்புக் குறி. இந்தப் பில்லில் எண்ணிப் பார்த்தால் 14 இடங்களே இருந்தன. வரி 12 சதவீதம் என்று போட்டிருந்தது. ரூ.11,500 விலையுள்ள காலணிக்கு 18 சதவீதம் என்பது எந்தக் கணக்காளருக்கும் தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி ரூ.2,500 வரையுள்ள காலணிக்கு 5 சதவீதமும், அதற்கு மேல் 18 சதவீதமும் வரி. எடுத்துக்காட்டாக, வரியுடன் ரூ.16,995 விலையுள்ள ஒரு ஜோடியின் பில்லில் அடிப்படை விலை ரூ.14,402.54 என்றும் வரி ரூ.2,592.46 என்றும் பிரிந்திருக்க வேண்டும். கைப்பேசியிலுள்ள கணிப்பானில் விலையை 1.18ஆல் வகுத்தால் போதும்.

பதிவெண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில், எவ்வித உள்நுழைவுமின்றி, ‘வரி செலுத்துவோரைத் தேடு’ என்னும் பகுதியில் இடலாம். நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயரும், பதிவு நடப்பில் உள்ளதா என்பதும் தெரியவரும். பணம் அனுப்பும் முன் இதைச் செய்ய இரண்டு நிமிடம் ஆகும். அந்த இளைஞர் எங்கள் முன்னிலையில் செய்து பார்த்தார். அப்படியொரு பதிவே இல்லை. அவர் முகம் மாறியதைக் கண்டு, தாயாருக்குத் தண்ணீர் தரச் சொன்னோம்.

விலையைப் பற்றி ஒரு சொல். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட காலணியை இரண்டாயிரத்துக்குத் தருகிறேன் என்றால் பலரும் சந்தேகிப்பர். பதினோராயிரம் என்று கேட்பவரிடம்தான் நம் சந்தேகம் அடங்கிவிடுகிறது. கொஞ்சமே தள்ளுபடி, நிறைய நம்பிக்கை. இது எங்கள் அனுபவத்தில் மலிவு விலையைவிட ஆபத்தானது.

எப்படிப் பணம் செலுத்தினீர்கள்?

பணம் திரும்புமா என்னும் கேள்விக்கு விடை பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. கார்டு மூலம் கடைக்குச் செலுத்தியிருந்தால், போலிப் பொருள் என்பதைக் காரணமாகக் காட்டி ‘சார்ஜ்பேக்’ என்னும் பண மீட்புக் கோரிக்கையை உங்கள் வங்கி வாயிலாக எழுப்ப முடியும். கார்டு நிறுவனங்களின் விதிகளில் இதற்கெனத் தனிப் பிரிவே உண்டு. பொதுவாக 120 நாட்களுக்குள் கோர வேண்டும். வங்கி தானே தீர்ப்பு எழுதுவதில்லை. உங்கள் சான்றுகளைக் கடைக்காரரின் வங்கிக்கு அனுப்புகிறோம். அவர்கள் மறுக்கலாம், வாதிடலாம். பொருள் போலி என்பதை நிறுவனமோ தகுதியுள்ள ஒருவரோ எழுத்தில் தந்திருந்தால் கோரிக்கை வலுப்பெறும்.

யுபிஐ மூலம் ஒரு தனிநபரின் கணக்கிற்கு நீங்களே பின் எண் இட்டு அனுப்பிய பணம் வேறு வகை. அங்கீகாரமற்ற மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பை வரையறுத்து ரிசர்வ் வங்கி 2017இல் வெளியிட்ட சுற்றறிக்கையைப் பலர் எங்களிடம் எடுத்துக்காட்டுகின்றனர். மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பில்லை என்னும் அந்தப் பாதுகாப்பு, உங்களுக்குத் தெரியாமல் பிறர் எடுத்த பணத்திற்கானது. பொருளை நம்பி நீங்களே அனுப்பியதற்கு அது பொருந்தாது. கவுன்ட்டரில் எங்களுக்கும் வாடிக்கையாளருக்கும் மனத்தாங்கல் ஏற்படும் இடங்களில் இது ஒன்று. ஆகவே வெளிப்படையாகவே எழுதுகிறோம்.

யுபிஐ செயலிகள் இப்போது பணம் பெறுபவரின் வங்கிப் பதிவிலுள்ள பெயரையே காட்டுகின்றன. கடையின் பெயர் சொல்லிப் பேசியவருக்குப் பணம் அனுப்பும்போது திரையில் வேறொரு தனிநபரின் பெயர் தோன்றினால் அங்கேயே நிறுத்துங்கள். இந்த இளைஞருக்கும் அப்படித்தான் தோன்றியது. ‘கார்டு மெஷின் பழுது, யுபிஐயில் அனுப்பினால் ஐந்து சதவீதம் குறைக்கிறேன்’ என்று விற்பனையாளர் சொன்னதில் அந்தப் பெயர் அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

ஏமாற்று என்று தெரிந்தவுடன் 1930 என்னும் எண்ணுக்கு அழைத்துப் பதிவு செய்ய வேண்டும். பணம் அந்தக் கணக்கிலேயே இன்னும் இருந்தால் முடக்கி வைக்க வழியுண்டு. மணிநேரங்கள் இதில் முக்கியம். இணையச் சந்தை வழியாக வாங்கியிருந்தால், போலிப் பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. சந்தை நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றுக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்வு காண வேண்டும். தீராவிடில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். ரூ.5 லட்சம் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டாண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும்.

தாயாரின் கேள்வி

1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம், போலிக் குறியுள்ள பொருளை விற்பவருக்கும் விற்பதற்காக வைத்திருப்பவருக்கும் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. இது 104ஆம் பிரிவு. சொந்தக் காலுக்கு வாங்கி ஏமாந்தவரை அப்பிரிவு தொடுவதில்லை, விற்றவரைத் தொடுகிறது. ஒரே ஒரு ஜோடியை நண்பருக்கு விற்றவரும் விற்றவர்தான் என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

ஆனால் அதே பிரிவு ஒரு காப்பையும் தருகிறது. தக்க முன்னெச்சரிக்கைகள் அனைத்தையும் எடுத்தும், போலி என்று சந்தேகிக்கக் காரணமின்றி விற்றவர், தாம் யாரிடம் வாங்கினார் என்ற விவரங்களைக் கேட்டபோது முழுமையாகத் தந்தால், அது அவருக்குரிய எதிர்வாதமாகும். பில், உரையாடல் பதிவுகள், பணம் சென்ற கணக்கின் விவரம் ஆகியவை ஏன் அழிக்கப்படக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. நாங்கள் வழக்கறிஞர்கள் அல்லர். எனவே நீதிமன்ற வளாகத்திலுள்ள இலவசச் சட்ட உதவி மையத்திற்குச் செல்லுமாறு கூறினோம். அதற்கு முன் நண்பரின் ரூ.15,000த்தை அன்றே திருப்பித் தந்து, எழுத்தில் பெற்றுக்கொள்ளும்படியும் சொன்னோம்.

அந்த இளைஞர் சம்பள முன்பணம் பெற்று நண்பருக்குத் தந்துவிட்டார். நண்பரும் புகார் எண்ணத்தைக் கைவிட்டார். 1930இல் பதிவு செய்தபோது பணம் அனுப்பி நாற்பது நாட்களாகியிருந்ததால், அந்தக் கணக்கில் மீட்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ரூ.23,000 இன்றுவரை திரும்பவில்லை.

சென்ற மாதம் அவர் மீண்டும் வந்தார். தம் பெயரில் மாதம் ரூ.1,000த்துக்கு ஒரு தொடர் வைப்பு தொடங்கி, அதில் அம்மாவை நியமனதாரராக எழுதினார். படிவத்தை நிரப்பும்போது, “அந்த இரண்டு ஜோடியையும் என்ன செய்யறது சார்? காப்பின்னு சொல்லியே வித்துடலாமா?” என்று கேட்டார். சொல்லி விற்றாலும் குற்றம் குற்றமே என்றும், புகார் முடியும்வரை அவை சான்றுப் பொருள்கள் என்றும் விளக்கினோம். பெட்டிகள் இரண்டும் பில்லுடன் அவர்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன.